பரிந்துரைக்கு யாரைக் கேட்பது?

வெளிநாட்டில் எம்.பி.ஏ. படிக்க விண்ணப்பிப்பவர் பட்டப்படிப்பு மதிப்பெண், ஜிமேட் அல்லது ஜிஆர்இ தேர்வு முடிவு, கட்டுரைகள் ஆகியவற்றோடு பரிந்துரைக் கடிதமும் சேர்த்தாக வேண்டும். விண்ணப்பத்தின் மற்ற பகுதிகளில் பேசுவது அவரே, அல்லது அவருடைய மதிப்பெண். அவரோடு வேலை பார்த்த இன்னொரு மனிதர் பேசும் இடம் இது ஒன்றுதான். ஹார்வர்டு, ஸ்டான்ஃபோர்டு, இன்சியாட் ஆகியவை இரண்டு கடிதம் கேட்கின்றன. எம்.ஐ.டி. ஸ்லோனுக்கும் லண்டன் பிசினஸ் ஸ்கூலுக்கும் ஒன்று போதும். விதிகளை இந்தப் பள்ளிகள் அவ்வப்போது மாற்றுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் அறிவிப்பைப் பார்த்துக்கொள்வது நல்லது.

தமிழ்நாட்டில் படித்து வளர்ந்தவருக்கு இந்த ஏற்பாடு பழக்கமில்லாதது. இங்கே பொறியியல் சேர்க்கைக்கு பிளஸ் டூ கட்-ஆஃப், அரசு வேலைக்கு டி.என்.பி.எஸ்.சி., உள்ளூர் எம்.பி.ஏ.வுக்கு டான்செட், ஐ.ஐ.எம். இரண்டாண்டுப் படிப்புக்கு கேட் தேர்வு. எதிலும் ஒருவரைப் பற்றி இன்னொருவர் எழுத வேண்டிய தேவை இல்லை. கடிதம் என்றால் இங்கே தெரிந்ததெல்லாம் சட்டமன்ற உறுப்பினரின் லெட்டர்பேடில் வாங்கும் சிபாரிசுக் கடிதம்தான். அந்தப் பழக்கத்தோடு பிசினஸ் ஸ்கூல் படிவத்தைத் திறப்பவர் முதலில் தேடுவது தனக்குத் தெரிந்தவர்களில் யார் மிகப் பெரியவர் என்பதை. தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

படிவம் என்ன கேட்கிறது என்று பார்த்தால் அது ஏன் தவறு என்பது விளங்கும். ஜிமேட் தேர்வை நடத்தும் ஜிமேக் அமைப்பு ஒரு பொதுப் பரிந்துரைப் படிவத்தை உருவாக்கியிருக்கிறது. பல பள்ளிகள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கின்றன. மற்றவை கேட்பதும் ஏறக்குறைய அதேதான். விண்ணப்பதாரரை எப்படித் தெரியும், அவர் என்ன பொறுப்பில் இருக்கிறார் என்பது முதல் கேள்வி. அதற்கு 50 சொல் போதும். அதே மாதிரியான பொறுப்பில் இருக்கும் திறமையான மற்றவர்களோடு ஒப்பிட்டால் இவர் எப்படி, உதாரணத்தோடு சொல்லுங்கள் என்பது இரண்டாவது. இவரிடம் நீங்கள் சுட்டிக்காட்டிய முக்கியமான குறை எது, எந்தச் சூழ்நிலையில் சொன்னீர்கள், அவர் அதை எப்படி எடுத்துக்கொண்டார் என்பது மூன்றாவது. இந்த இரண்டுக்கும் தலா 500 சொல் வரை எழுதலாம். இவை தவிர, முன்முயற்சி, பிறரோடு ஒத்துப்போவது, சிக்கலை அலசும் திறன் போன்ற பண்புகளுக்கு மதிப்பிடும் அட்டவணை ஒன்றும் உண்டு.

மூன்றாவது கேள்விதான் ஆளைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிடுகிறது. ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, “நீ செய்தது சரியில்லை” என்று சொன்னவர் யார்? அதன் பிறகு அவர் திருந்தியதையோ திருந்தாததையோ பக்கத்திலிருந்து பார்த்தவர் யார்? வருடத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜை அன்று கை குலுக்கும் நிர்வாக இயக்குநரால் இதற்குப் பதில் எழுத முடியாது. அன்றாடம் வேலை வாங்கும் நேரடி மேலாளரால் முடியும். ஒரு கடிதம் இப்போதைய நேரடி மேலாளரிடமிருந்தும், இன்னொன்று வேலையை மேற்பார்வையிட்ட வேறொருவரிடமிருந்தும் வர வேண்டும் என்று ஸ்டான்ஃபோர்டு விதியாகவே வைத்திருக்கிறது. மற்ற பள்ளிகளும் நேரடி மேலாளரையே பெரிதும் விரும்புகின்றன. சேர்க்கைக் குழு ஒரு பருவத்தில் ஆயிரக்கணக்கான கடிதங்களைப் படிக்கிறது. “கடின உழைப்பாளி, நேர்மையானவர், பழக இனியவர்” என்று மட்டும் சொல்லும் கடிதம், கீழே எவ்வளவு பெரிய பதவியின் பெயர் இருந்தாலும், எழுதியவருக்கு ஆளைத் தெரியாது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

நல்ல பரிந்துரை எப்படி இருக்கும் என்பதற்குச் சென்னையிலேயே நூறாண்டு கடந்த உதாரணம் உண்டு. பிசினஸ் ஸ்கூல் விண்ணப்பம் அல்ல, குமாஸ்தா வேலைக்கான விண்ணப்பம். 1912 பிப்ரவரியில் சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் வேலை கேட்டு சீனிவாச ராமானுஜன் மனுப் போட்டார். எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர், பட்டம் இல்லாதவர். மனுவோடு மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய சிறு கடிதம் இணைந்திருந்தது. கணிதத்தில், அதிலும் எண்களைச் சார்ந்த வேலையில், இவருக்கு அசாதாரணமான திறமை இருக்கிறது. கணக்குப் போடுவதில் இயல்பான நாட்டம் உள்ளவர், மிக வேகமானவர் என்பது அதன் சாரம். கணக்கு அலுவலகத்துக்கு ஆள் எடுப்பவருக்கு எது தேவையோ, அதை மட்டும் சொன்ன கடிதம் அது. மார்ச் 1ஆம் தேதி ராமானுஜன் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் வேலையில் சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு வேறொரு கடிதம். இந்திய வானிலை ஆய்வகங்களின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் 1913 பிப்ரவரியில் ராமானுஜனின் குறிப்பேடுகளைப் பார்த்துவிட்டுச் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு எழுதினார். வாக்கர் கேம்பிரிட்ஜில் கணிதத்தில் முதலிடம் பெற்றவர். அப்படியிருந்தும், ராமானுஜன் ஈடுபட்டிருக்கும் தூய கணிதப் பிரிவுகள் தன்னுடைய துறை அல்ல என்பதால், அவர் ஐரோப்பா முழுவதும் பெயர் பெறுவாரா என்று தன்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்று ஒளிக்காமல் எழுதினார். ஆனால் பிழைப்புக் கவலை இல்லாமல் சில ஆண்டுகள் கணிதத்தில் முழு நேரமும் ஈடுபட இவருக்கு வழி செய்வது பல்கலைக்கழகத்துக்குத் தகும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. மே மாதத்திலிருந்து மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கிடைத்தது. தனக்குத் தெரிந்தது இவ்வளவு, தெரியாதது இவ்வளவு என்று கோடு போட்டுக் காட்டியவரின் சொல்லுக்குப் பல்கலைக்கழகம் மதிப்புக் கொடுத்தது. இன்றைய சேர்க்கைக் குழுக்களும் அப்படிப்பட்ட கடிதத்தையே நம்புகின்றன. இன்னொன்றும் கவனிக்கலாம்: இரண்டு கடிதங்களும் ஒரே விஷயத்தைச் சொல்லவில்லை. ஒருவர் கணக்குப் போடும் வேகத்தைப் பார்த்தார், மற்றவர் ஆராய்ச்சித் திறனைப் பார்த்தார்.

நேரடி மேலாளரைக் கேள் என்று சொல்வது எளிது. அந்த மேலாளர் யார் என்பது வேலை பார்க்கும் இடத்தைப் பொறுத்தது. பூந்தமல்லி–ஆவடி சாலையில் ஏரியை ஒட்டி இருக்கும் பருத்திப்பட்டு போன்ற ஊரில் இந்த வேறுபாடு ஒரே தெருவுக்குள் தெரியும். ஒரு வீட்டில் ஆவடி டேங்க் ஃபேக்டரிப் பொறியாளர், அடுத்த வீட்டில் அம்பத்தூர் எஸ்டேட்டில் சிறு பட்டறை வைத்திருப்பவரின் மகன், எதிர் வீட்டில் ஐ.டி. ஊழியர், மாடியில் பொறியியல் கடைசி வருட மாணவி. நால்வருக்கும் சிக்கல் வேறு வேறு.

அரசுத் தொழிற்சாலைக்காரரின் சிக்கல் முதலில். டேங்க் ஃபேக்டரி எனப்படும் கனரக வாகனத் தொழிற்சாலையும் எஞ்சின் ஃபேக்டரியும் 2021 அக்டோபர் முதல் ஆவடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.வி.என்.எல். என்ற பொதுத்துறை நிறுவனத்தின் கீழ் இருக்கின்றன. அர்ஜுன் டாங்கியை வடிவமைத்த சி.வி.ஆர்.டி.இ. ஆய்வகம் டி.ஆர்.டி.ஓ.வைச் சேர்ந்தது. இப்படிப்பட்ட இடங்களில் மேலிருந்து கீழ்வரை படிநிலை கறாரானது. ஜூனியர் ஒர்க்ஸ் மேனேஜர், ஒர்க்ஸ் மேனேஜர் என்று மேலே மேலே ஏறிக்கொண்டே போகும். கடிதம் என்றதும் பலர் பொது மேலாளர் வரைக்கும் போக நினைக்கிறார்கள். ஆண்டுதோறும் செயல்பாட்டு அறிக்கை எழுதும் அதிகாரி யாரோ, அவர்தான் பொருத்தமானவர். ஒப்பிட்டு எழுதும் பழக்கம் அவருக்கு ஏற்கெனவே இருக்கிறது. அவர் மாற்றலாகிப் போயிருந்தாலும் பரவாயில்லை, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை மேற்பார்வை செய்தார் என்று குறிப்பிட்டால் போதும்.

பாதுகாப்புத் துறைக்கே உரிய ஒரு தடையும் உண்டு. எந்த வாகனம், எத்தனை எண்ணிக்கை, என்ன கோளாறு என்று வெளியே எழுத முடியாது. பலர் அதற்காகக் கடிதத்தையே வெறும் பாராட்டாகச் சுருக்கிவிடுகிறார்கள். அது தேவையில்லை. பள்ளிக்கு வேண்டியது டாங்கியின் விவரம் அல்ல, ஆளின் நடத்தை. உதிரிபாகம் தாமதமானபோது இரண்டு ஷாப்களுக்கு இடையே எழுந்த தகராறை இந்தப் பொறியாளர் எப்படித் தீர்த்தார், அனுபவமுள்ள தொழிலாளர்கள் அவர் பேச்சைக் கேட்க எவ்வளவு காலம் ஆனது என்றெல்லாம் எழுத ரகசியம் எதையும் உடைக்க வேண்டியதில்லை. துறை அனுமதி, ஆட்சேபணையின்மைச் சான்று ஆகியவற்றுக்குத் தனியாக நாள் பிடிக்கும். கடிதம் கேட்பதற்கு முன்பே நிர்வாகப் பிரிவில் விசாரித்துக்கொள்வது எழுதும் அதிகாரிக்கும் பாதுகாப்பு.

எஸ்டேட் பட்டறைக்காரரின் மகனுக்கு மேலாளர் அவருடைய அப்பாதான். உறவினர் எழுதிய கடிதத்தைப் பள்ளிகள் ஏற்பதில்லை. ஏற்றாலும் மதிப்பில்லை. சித்தப்பா, மாமா, அப்பாவின் நெருங்கிய கூட்டாளி ஆகியோருக்கும் இது பொருந்தும். இனிஷியலும் குடும்பப் பெயரும் வேறாக இருப்பதால் தெரியாது என்று நினைப்பது வீண் துணிச்சல். அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவான நாளிலிருந்தே பெரிய தொழிற்சாலைகளுக்குப் பாகங்கள் செய்து கொடுக்கும் சிறு நிறுவனங்களின் இடம். ஆகவே இங்கே வேலையைப் பார்த்த வெளியாள் கட்டாயம் இருப்பார். சரக்கு வாங்கும் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி, தர ஆய்வுக்கு வருபவர், கடன் கொடுத்த வங்கியின் மேலாளர், பல ஆண்டு கணக்குப் பார்த்த ஆடிட்டர் ஆகியோர் அப்படிப்பட்டவர்கள். இவர்களில் கொள்முதல் அதிகாரியின் சொல்லுக்கு எடை அதிகம் என்றே சொல்ல வேண்டும். சரக்கு திருப்பி அனுப்பப்பட்ட நாளில் போனை எடுத்துப் பேசியவர் யார் என்பது அவருக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரிந்தது கணக்கு மட்டுமே.

சிறு தொழிலில் இருப்பவர்களுக்கு இரண்டு தயக்கம் வருவதுண்டு. எழுதுபவருக்கு ஆங்கிலம் சரளமாக வராது என்பது ஒன்று. கடிதத்தின் ஆங்கிலத்துக்கு யாரும் மதிப்பெண் போடுவதில்லை. எளிய வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னால் போதும். அலுவலக மின்னஞ்சல் முகவரி இல்லையே என்பது இன்னொன்று. பள்ளிகள் நிறுவன முகவரியை விரும்புவது உண்மைதான், எழுதியவர் அவர்தானா என்று சரிபார்க்க அது உதவுகிறது. அது இல்லாதபோது நிறுவனத்தின் பெயர், பதவி, தொலைபேசி எண் ஆகியவற்றைத் தெளிவாகக் கொடுத்துவிட்டு, சொந்த முகவரி ஏன் என்பதை விண்ணப்பத்தின் கூடுதல் குறிப்பில் ஒரு வரியில் சொல்லலாம்.

ஐ.டி. ஊழியரின் கவலை வேறு மாதிரி. வேலையை விட்டுப் போகப் போகிறார் என்று மேலாளருக்குத் தெரிந்தால் அந்த வருட உயர்வு போய்விடும், புதிய புராஜெக்ட்டும் வராது. இந்தக் கவலை நியாயமானது என்பது பள்ளிகளுக்கும் தெரியும். இப்போதைய மேலாளரைக் கேட்க முடியாவிட்டால் காரணத்தைச் சொல்ல விண்ணப்பத்திலேயே இடம் விட்டிருக்கிறார்கள். இரண்டு மூன்று வரியில் உள்ளதைச் சொன்னால் யாரும் குறையாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அதற்குப் பதிலாக முந்தைய மேலாளர், இன்னொரு குழுவுக்கு மாறிப்போன டீம் லீட், வெளிநாட்டு வாடிக்கையாளர் பக்கத்தில் தினமும் ஸ்டேட்டஸ் கால் நடத்தியவர் ஆகியோரைக் கேட்கலாம். சில நிறுவனங்களில் கம்பெனிப் பெயரில் கடிதம் தரக் கூடாது என்று மனிதவளத் துறை விதி வைத்திருக்கிறது. இன்று கிட்டத்தட்ட எல்லாமே இணையப் படிவம் என்பதால் லெட்டர்பேட் தேவைப்படுவதில்லை.

மாடி வீட்டு மாணவிக்கு மேலாளரே கிடையாது. ஹார்வர்டின் 2+2, யேலின் சில்வர் ஸ்காலர்ஸ், ஐ.எஸ்.பி.யின் இளம் தலைவர்கள் திட்டம் போன்றவை படிப்பை முடிக்கும் நிலையில் இருப்பவர்களையும் ஏற்பவை. அவற்றுக்குப் பேராசிரியரைக் கேட்பது சரிதான். ஆனால் துறைத் தலைவரைவிட, கடைசி வருட புராஜெக்ட்டை வாரா வாரம் திருத்திய வழிகாட்டியோ, இன்டர்ன்ஷிப்பில் வேலை வாங்கியவரோ எழுதினால் பொருள் இருக்கும். வேலைக்குப் போய் நான்கைந்து ஆண்டு ஆனவர் திரும்பவும் கல்லூரிப் பேராசிரியரிடம் போவது பெரும்பாலும் வீண். இடைப்பட்ட காலத்தில் இவரைப் பார்த்தவர் ஒருவரும் இல்லையா என்ற கேள்வியை அது எழுப்பும்.

இரண்டாவது கடிதத்துக்கு ஆள் பார்க்கும்போது முதல் கடிதம் சொல்லாததை யார் சொல்வார் என்று யோசிக்க வேண்டும். மேலாளர் தொழில்நுட்பத் திறமையைச் சொல்வார் என்றால், ஆட்களை நடத்தும் விதத்தைச் சொல்ல வேறொருவர் வேண்டும். பயிற்சி வகுப்பு நடத்தும் தொண்டு அமைப்பின் பொறுப்பாளர், குடியிருப்போர் நலச் சங்கத்தில் கூட வேலை செய்தவர் ஆகியோரும் அப்போது பொருந்தலாம். ஆனால் அவர் கூட இருந்தவராக மட்டும் இல்லாமல் மேற்பார்வை செய்தவராக இருக்க வேண்டும் என்று கேட்கும் பள்ளிகளில் அது எடுபடாது.

ஆளை முடிவு செய்து, போய்க் கேட்டதும் பெரும்பாலான இடங்களில் வரும் பதில் ஒன்றுதான்: “நீயே எழுதிட்டு வாப்பா, நான் கையெழுத்துப் போடறேன்.” சொல்பவர் இதைப் பெருந்தன்மையாகவே நினைக்கிறார், கேட்பவருக்கும் நிம்மதி. இந்த விஷயத்தில் மிக அதிகமான கெடுதல் இங்கேதான் நடக்கிறது. தன் கடிதத்தைத் தானே எழுதுவதைப் பள்ளிகள் மோசடியாகக் கருதுகின்றன. தெரியவந்தால் சேர்க்கை கொடுத்த பிறகும் ரத்து செய்ய உரிமை வைத்திருக்கின்றன. கண்டுபிடிப்பதும் அவ்வளவு கடினமல்ல. கட்டுரையும் இரண்டு கடிதமும் ஒரே நடையில், ஒரே சொற்களோடு, ஒரே சம்பவத்தைச் சொன்னால் படிப்பவருக்கு உறைக்கும். கடிதம் எழுதியவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் சரிபார்ப்பு நிறுவனங்களும் இருக்கின்றன. எழுதித் தரும் ஆலோசனை மையங்களையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் நம்பினால் வேறு நூறு பேருடைய கடிதத்தின் சாயல் வந்து சேரும்.

மோசடி என்பதை விட்டாலும், அது வேலைக்கே ஆகாது. தன்னைப் பற்றித் தானே எழுதும் தமிழர் அநேகமாக அடக்கமாகத்தான் எழுதுவார், அல்லது ஒரேயடியாகப் புகழ்ந்துவிடுவார். தனக்குக் கீழே வேலை பார்த்த பதினைந்து பேரோடு ஒப்பிட்டு, இவர் இதில் முதல், அதில் நடுத்தரம் என்று சொல்லும் நிதானம் மேலாளருக்கு மட்டுமே வரும். “எனக்கு எழுத நேரமில்லை” என்பவருக்குச் செய்யக்கூடிய உண்மையான உதவி, நடந்தவற்றை நினைவூட்டும் ஒரு பக்கக் குறிப்பு. எந்த ஆண்டு, எந்த வேலை, என்ன சிக்கல், முடிவு என்ன என்று நான்கைந்து சம்பவங்கள் எழுதலாம். அவர் சுட்டிக்காட்டிய குறை எது என்பதையும் கூச்சப்படாமல் சேர்க்க வேண்டும். அதோடு தன்விவரக் குறிப்பு, எம்.பி.ஏ. எதற்கு என்பது பற்றி இரண்டு வரி, பள்ளிகளின் பட்டியல், கடைசித் தேதி. வாக்கியங்கள் அவருடையவையாக இருக்க வேண்டும். எழுத நேரமில்லை என்பவரை உட்கார வைத்து அரை மணி நேரம் பேசச் சொல்லி, அதை அவரே தட்டச்சுக்குக் கொடுத்தாலும் சரி.

கேட்கும் விதமும் முக்கியம். “சார், எனக்கு ஒரு லெட்டர் தருவீங்களா?” என்றால் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்லும் வழக்கம் இங்கே குறைவு. “என்னைப் பற்றி நல்லபடியா, விவரமா எழுத உங்களுக்கு முடியுமா சார்? முடியலைன்னா தப்பா நினைக்க மாட்டேன்” என்று கேட்டால் அவருக்கும் ஒதுங்க வழி கிடைக்கும். “பார்க்கலாம்”, “அவசரம் ஒண்ணும் இல்லையே?” என்ற பதில்களை மறுப்பாகவே எடுத்துக்கொண்டு வேறு ஆளைத் தேடுவது புத்திசாலித்தனம். அரைமனதோடு எழுதிய கடிதம், கடிதம் வராததைவிடக் கெடுதல் செய்யும்.

காலக் கணக்கு இங்குள்ள நாட்காட்டியோடு மோதும். முதல் சுற்றுக்குப் பெரும்பாலும் செப்டம்பரிலும், இரண்டாம் சுற்றுக்கு ஜனவரித் தொடக்கத்திலும் கடைசித் தேதி. செப்டம்பருக்கு என்றால் ஆண்டு மதிப்பீடு முடிந்து சூடு தணிந்த ஜூன், ஜூலையில் கேட்பது நல்ல நேரம். ஜனவரிக்கு என்றால் தீபாவளிக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். டிசம்பர் கடைசி வாரத்தில் இணைப்பை அனுப்பிவிட்டுப் புத்தாண்டு அன்று நினைவூட்டினால் எந்த அதிகாரிக்கும் எரிச்சல் வரும். ஆறு முதல் எட்டு வாரம் கொடுத்து, நடுவில் ஒருமுறை, கடைசி வாரத்தில் ஒருமுறை நினைவுபடுத்தினால் போதும். பள்ளியிலிருந்து வரும் மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் போய் விழுவது சகஜம். அரசு மின்னஞ்சலில் அது உள்ளேயே வராமலும் போகலாம். அனுப்பிய அன்றே வந்ததா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். ஒருவரிடம் ஐந்து பள்ளிக்கு மேல் கேட்பது நியாயமில்லை. ஐந்துக்கும் படிவம் வேறு வேறாக இருந்தால் அது அவருடைய இரண்டு ஞாயிற்றுக்கிழமை.

படிவத்தில் விண்ணப்பதாரர் குறியிட வேண்டிய ஒரு சிறு கட்டம் உண்டு. 1974ஆம் ஆண்டின் அமெரிக்கக் கல்விப் பதிவுச் சட்டப்படி, சேர்ந்த பிறகு மாணவர் தன் கோப்பைப் பார்க்க உரிமை உண்டு. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை முன்கூட்டியே விட்டுக்கொடுக்கலாம். விட்டுக்கொடுப்பதே வழக்கம். பிறகு பார்க்கப்படாது என்று தெரிந்தால்தான் எழுதுபவர் மனம் திறந்து எழுதுவார், படிப்பவரும் நம்புவார். கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு “என்ன சார் எழுதினீங்க?” என்று கேட்பது இந்த ஏற்பாட்டையே கெடுத்துவிடும்.

முடிவு எதுவானாலும் எழுதியவருக்கு நேரில் சொல்லிவிட வேண்டும். இது மரியாதை மட்டுமல்ல. முதல் முறை இடம் கிடைக்காதவர்கள் அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பிப்பது சாதாரணம். மறுவிண்ணப்பத்துக்குப் பல பள்ளிகள் புதிதாக ஒரு கடிதம் கேட்கின்றன.